சிங்கப்பூரின் சேற்றுக் கரைகளில்

சிங்கப்பூரில் காடும் கடலும் பார்க்கக் கிளம்புகிறவர் வானிலை அறிக்கைக்கு முன்னால் பார்க்க வேண்டியது கடல் ஓதத்தின் அட்டவணையை. எப்போது பெருக்கு, எப்போது வற்று என்று தெரியாமல் போனால் செக் ஜாவாவின் சேற்றுக்கரையில் வெறும் தண்ணீரையும் சுங்கை பூலோ சதுப்புக் காப்பகத்தில் வெறும் வரப்பையும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் இங்கே பெரிய வற்று மாலையை ஒட்டி வரும். அதே நாட்களில் முற்பகலில் பெருக்கு. டிசம்பர் தொடக்கத்தில் ஒரு சனியும் ஞாயிறும் எனக்கு அப்படி அமைந்தன. சனி மாலை வற்றுக்குச் செக் ஜாவா இருக்கும் உபின் தீவு, ஞாயிறு முற்பகல் பெருக்குக்குச் சுங்கை பூலோவின் பறவைகள், நடுவே தங்குவதற்கு லிட்டில் இந்தியாவின் தேக்கா என்று முடிவு செய்துகொண்டேன்.

செராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் அறை. விடிவதற்கு வெகு நேரம் முன்பே குயில் கூவத் தொடங்கிவிட்டது. டிசம்பரில் இங்கே பொழுது புலர ஏறக்குறைய ஏழு மணி ஆகிவிடும். அதுவரை இருட்டில், மூடிய நகைக்கடைகளுக்கும் மாலை கட்டும் கடைகளுக்கும் மேலே, அந்த ஒற்றைக் குரல்தான். நம் ஊரில் யாரும் திரும்பிப் பார்க்காத இந்தக் குரல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த கதை பெரிது. அது காக்கையில் தொடங்குகிறது. வீட்டுக் காக்கை இந்த மண்ணின் பறவை அல்ல. காப்பித் தோட்டங்களில் கம்பளிப்பூச்சியைத் தின்று ஒழிக்கட்டும் என்று 1890களில் இலங்கையிலிருந்து மலாயாவின் கிள்ளான் பகுதிக்குக் கொண்டுவந்து விட்டார்கள். அங்கிருந்து தெற்கே பரவிச் சிங்கப்பூரிலும் நிலைத்துவிட்டது. குயில் அதுவரை வலசைக் காலத்தில் மட்டும் வந்து போன விருந்தாளி. முட்டையிடக் காக்கைக் கூடுகள் தாராளமாகக் கிடைத்த பிறகு, 1980களில் இங்கேயே குஞ்சு பொரிக்கத் தொடங்கியது. தோட்ட வேலைக்குத் தமிழர்கள் கப்பலேறி வந்த காலத்தில்தான் காக்கையும் வந்தது. குயில் அதன் பின்னால் வந்தது. தேக்காவில் விடியற்காலையில் குயிலைக் கேட்கும்போது இது நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

தேக்காவே ஒரு காலத்தில் தண்ணீரும் புல்லும் கொண்ட தாழ்ந்த நிலம். ரோச்சோர் ஆற்றின் கரையில் ஈரம் எப்போதும் இருந்தது. அதை நம்பித்தான் 19ஆம் நூற்றாண்டில் மாடு, எருமை வணிகம் இங்கே செழித்தது. பெலிலியோஸ் என்ற கால்நடை வணிகரின் பெயர் இன்றும் ஒரு சாலைக்கு இருக்கிறது. பக்கத்திலேயே பஃபலோ சாலை, கெர்பாவ் சாலை என்று எருமையின் பெயரில் இரண்டு தெருக்கள். பட்டி அடைத்த மாடுகளுக்குப் புல் அறுத்தவர்களும் பால் கறந்தவர்களும் பெரும்பாலும் நம் நாட்டிலிருந்து போனவர்கள். ஈரச்சந்தையில் இன்று வாழையிலைக் கட்டும் முருங்கைக்கீரையும் வேப்பிலைக் கொத்தும் வாங்கிச் செல்கிற கூட்டத்தில் நிற்கும்போது காலுக்குக் கீழே சதுப்பு இருந்தது என்று நம்புவது கடினம். நான் இங்கே கிராமப்புறம் தேடிப் போவதற்கு முன் இந்த மண்ணைக் கொஞ்ச நேரம் சுற்றி வந்ததற்குக் காரணம் அதுதான். இந்த நாட்டில் எந்த இடமும் முதலில் இருந்தபடி இல்லை.

இட்லிப் பொட்டலமும் தண்ணீர்ப் புட்டியும் எடுத்துக்கொண்டு எம்ஆர்டி ரயிலில் ஏறி, தானா மேராவில் இறங்கி, 2ஆம் எண் பேருந்தில் சாங்கி கிராமம் போய்ச் சேர்ந்தேன். வழியெல்லாம் தூங்குமூஞ்சி மரங்கள். தென் அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்த இந்த மரத்தைச் சிங்கப்பூர்ச் சாலைகள் தத்தெடுத்துக்கொண்டுவிட்டன. இரண்டு பக்கத்துக் கிளைகளும் நடுவில் கைகோத்து நிற்க, அவற்றின் முதுகில் பெரணிகள் தொங்குகின்றன. 1963இல் அன்றைய பிரதமர் லீ குவான் இயூ ஒரு மரக்கன்று நட்டுத் தொடங்கிவைத்தது இந்த ஊரின் மரம் நடும் இயக்கம். அறுபது ஆண்டு நிழல் இப்போது சாலையில் விழுகிறது. ஆனால் நட்டு வளர்த்த பசுமைக்கும் தானாக வளர்ந்த காட்டுக்கும் வேறுபாடு உண்டு. எனக்கு வேண்டியிருந்தது இரண்டாவது.

சாங்கி பாயிண்ட் படகுத்துறையில் உபின் போகும் பம்போட்டுக்கு நேர அட்டவணை கிடையாது. பன்னிரண்டு பேர் சேர்ந்தால் படகு கிளம்பும். ஆளுக்கு 4 வெள்ளி, கையில் ரொக்கமாகக் கொடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் அட்டை தட்டிப் பழகிய ஊரில் இப்படி ஒரு துறை இன்னும் இருப்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மிதிவண்டிகளோடு ஒரு கல்லூரிக் கும்பல், மலாய்த் தம்பதி ஒன்று, தூண்டிலும் வாளியுமாகச் சீனப் பெரியவர் ஒருவர். டீசல் புகையும் உப்புக் காற்றும் கலந்த பத்து நிமிடப் பயணம். மேலே சாங்கி விமான நிலையத்துக்கு இறங்கும் விமானங்கள், கீழே பழுப்பு நிற நீர், அக்கரையில் மலேசியாவின் ஜொகூர்.

உபின் பத்துச் சதுர கிலோமீட்டர் அளவுள்ள தீவு. அதன் உடம்பு முழுக்கக் கருங்கல். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் இதைப் பிளந்து பிளந்து சிங்கப்பூரைக் கட்டினார்கள். 1850களின் தொடக்கத்தில் எழுந்த ஹோர்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்தின் கல் இங்கிருந்து போனது. 1924இல் முழுமை பெற்ற ஜொகூர் பாலத்துக்கும் இங்கிருந்து கல் போனது. 1999இல் கடைசிக் கல்குவாரியும் நின்றது. குவாரி வேலையை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் ஒவ்வொன்றாகப் பெருந்தீவுக்குக் குடிபெயர்ந்தன. இன்று தகரக் கூரையும் திண்ணையும் கொண்ட பழைய கிராமத்து வீடுகள் சில மிச்சம். துறைக்கு எதிரே இருக்கும் கடைத்தெருவில் இளநீர், மிதிவண்டி வாடகை, வறுத்த கடல் உணவு. அதைத் தாண்டினால் சத்தம் அடங்கிவிடும்.

மிதிவண்டி எடுக்காமல் நடந்தேன். நடந்தால்தான் ரப்பர் மரங்களைக் கவனிக்க முடியும். பாதையின் இரு பக்கமும், புதர் மண்டிய காட்டுக்குள், வரிசை குலையாமல் நிற்கின்றன. கைவிடப்பட்ட தோட்டத்தின் மேல் காடு ஏறி வளர்ந்திருக்கிறது, ஆனால் நட்டவர்கள் போட்ட கோடு இன்னும் அழியவில்லை. 1877இல் லண்டனின் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்துக்கு வந்து சேர்ந்த 22 ரப்பர் நாற்றுகளிலிருந்து தொடங்கியது இந்த மரத்தின் கதை. 1888இல் தோட்டத்தின் பொறுப்புக்கு வந்த ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டறிந்தார். தோட்டக்காரர்களைப் பார்க்கும் இடமெல்லாம் ரப்பர் போடச் சொல்லி வற்புறுத்தினார். அதற்குப் பிறகு மலாயாவின் காடுகள் அழிந்ததும், தஞ்சையிலிருந்தும் சேலத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் குடும்பம் குடும்பமாக ஆட்கள் இறக்கப்பட்டதும் நமக்குத் தெரிந்த வரலாறு. உபினில் ஒரு ரப்பர் மரத்தின் அடியில் நின்று பட்டையைத் தடவிப் பார்த்தேன். கை எட்டும் உயரத்தில் பழைய சீவல் தழும்பு தடித்துக் கிடந்தது. அதை ஒட்டியே ஒரு காட்டுக்கொடி மேலேறியிருந்தது.

குவாரிகள் இப்போது குளங்கள். பெக்கான் குவாரியின் செங்குத்துக் கற்சுவர்களுக்கு நடுவே பச்சை நீர், நீரில் மரங்கள் வளர்ந்த திட்டுகள், திட்டுகளில் சாம்பல் நாரைகள். கல் உடைத்த இடத்தில் நாரை கூடு கட்டுகிறது என்றால் அதற்கு ஆழமான நீரும் மனிதர் கால் படாத மரமும் கிடைத்துவிட்டன என்று பொருள். பார்வை மேடையில் நின்றுகொண்டிருந்தபோது தலைக்கு மேல், துணியை உதறுவது போன்ற இறக்கைச் சத்தம். இருவாட்சி.

வால்பாறையிலும் ஆனைமலையிலும் இருவாட்சியைத் தேடி அலைந்தவர்களுக்கு அந்தச் சத்தம் மறக்காது. இங்கே இருப்பது அதைவிடச் சிறிய இனம். கறுப்பு உடல், வெள்ளை வயிறு, தந்த நிற அலகுக்கு மேல் ஒரு கொண்டை. சிங்கப்பூரிலிருந்து இந்தப் பறவை 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே மறைந்துவிட்டது. பெரிய மரங்களை வெட்டிவிட்டால் பொந்துக்கு எங்கே போகும்? 1994இல் இந்த உபின் தீவில் மீண்டும் கண்ணில் பட்டது, ஜொகூரிலிருந்து கடல் தாண்டி வந்திருக்க வேண்டும். வந்ததைக் கண்டவர்கள் சும்மா இருக்கவில்லை. பொந்துள்ள முதுமரம் போதாது என்பதால் மரங்களில் கூட்டுப்பெட்டிகளைக் கட்டிவைத்து, உள்ளே கேமரா வைத்துக் கண்காணித்தார்கள். பெண் பறவை பொந்துக்குள் போய் வாயிலை அடைத்துக்கொள்ள, ஒரு கீறல் வழியாக ஆண் பறவை வாரக்கணக்கில் ஊட்டும் அந்த வாழ்க்கையைப் பதிவு செய்தார்கள். இப்போது நகரின் அடுக்குமாடிப் புளோக்குகளின் தாழ்வாரத்திலேயே இருவாட்சி வந்து உட்காருகிறது. நான் பார்த்த இணை ஒரு அத்திமரத்தில் இறங்கியது. ஆண் பறவை பழத்தை அலகின் நுனியில் பிடித்து, தலையைப் பின்னுக்குச் சாய்த்து மேலே எறிந்து தொண்டைக்குள் வாங்கியது. நாலைந்து பழம் விழுங்கிவிட்டு ஒன்றை மட்டும் துணையின் அலகில் கொண்டுபோய் வைத்தது. நான் நின்ற இடத்திலிருந்து அந்தப் பழத்தின் தோல் பிதுங்கியதுகூடத் தெரிந்தது.

நடுப்பகலில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு கூரைக்கொட்டகையில் ஒதுங்கி இட்லியை முடித்தேன். மூன்று மணிக்கு மேல் தூறல் விட்டதும் கிழக்கு முனைக்கு நடந்தேன். செக் ஜாவா நுழைவாயிலில் காட்டுப்பன்றி ஒன்று குட்டிகளோடு மிதிவண்டிகளின் கூடைகளை முகர்ந்துகொண்டிருந்தது. யாரும் எதுவும் கொடுக்கவில்லை, கொடுக்கக்கூடாது என்று பலகை இருக்கிறது. உள்ளே 1930களில் ஒரு ஆங்கிலேய நில அளவை அதிகாரி விடுமுறைக்காகக் கட்டிய வீடு, அதுதான் வருகையாளர் மையம். அங்கிருந்து கண்டல் காட்டுக்குள் மரப்பாலம் போகிறது.

வற்று தொடங்கிவிட்டிருந்தது. நீர் பின்வாங்கப் பின்வாங்க, பாலத்துக்குக் கீழே சேறு அங்குலம் அங்குலமாக வெளியே வந்தது. முதலில் ஒன்றுமே இல்லாத பழுப்புத் தரை. இரண்டு மூன்று நிமிடம் அசையாமல் நின்றால் போதும், தரையில் ஓட்டை ஓட்டையாகத் திறந்து நண்டுகள் வெளியே வந்துவிடுகின்றன. ஆண் நண்டுக்கு ஒரு கொடுக்கு உடம்பளவுக்குப் பெரியது, இன்னொன்று சின்னஞ்சிறியது. சின்னக் கொடுக்கால் சேற்றை அள்ளி வாய்க்குக் கொண்டுபோகிறது. உயிர்ச்சத்தை மட்டும் சலித்து எடுத்துக்கொண்டு மிச்சத்தை உருண்டையாக்கிக் கீழே வைத்துவிடுகிறது. வளையைச் சுற்றிக் கடுகளவு உருண்டைகள் வரிசையாகச் சேர்ந்துகொண்டே போகின்றன. இடையிடையே பெரிய கொடுக்கை உயர்த்தி அசைத்துப் பெண் நண்டைக் கூப்பிடுகிறது, பக்கத்து ஆணை விரட்டுகிறது. அதற்கு நடுவே உளுவை மீன்கள் துடுப்பை ஊன்றித் தத்தித் தத்திப் போகின்றன. செவுள் அறையில் தண்ணீரை அடக்கிக்கொண்டு, ஈரத் தோலாலும் மூச்சு வாங்கிக்கொண்டு, நிலத்தில் உலவும் மீன் அது. தோல் காய்ந்துவிடக்கூடாது என்று அவ்வப்போது பக்கவாட்டில் புரண்டு சேற்றை அப்பிக்கொள்கிறது. பிச்சாவரத்தில் படகில் போகும்போது இவற்றை ஓரக்கண்ணால்தான் பார்க்க முடியும். இங்கே பாலத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு ஒரு முழம் தூரத்திலிருந்து பார்த்தேன்.

இந்தச் சேறு இன்று இருப்பது ஒரு விபத்தும் அல்ல, அருளும் அல்ல. 1960களில் 580 சதுர கிலோமீட்டரை ஒட்டியிருந்த சிங்கப்பூர், கடலைத் தூர்த்துத் தூர்த்து இன்று 730ஐத் தாண்டிவிட்டது. அடுத்துத் தூர்க்க வேண்டிய இடங்களின் வரைபடத்தில் செக் ஜாவாவும் இருந்தது. 2001 இறுதியில் தூர்க்கும் வேலை தொடங்க வேண்டும். அதற்கு ஓராண்டு முன்பு, 2000ஆம் ஆண்டின் முடிவில், தாவரவியலாளர் ஜோசப் லாய் பள்ளி மாணவர்களோடு இங்கே வந்து வற்றில் நடந்தபோதுதான் இதன் செழிப்பு வெளியே தெரிந்தது. கரையோரக் காடு, கண்டல், பாறைக்கரை, மணற்கரை, கடற்புல் வெளி, பவளச் சிதைவு என்று ஆறு வகை வாழிடம் நூறு எக்டேருக்குள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. செய்தி பரவிற்று. அருங்காட்சியக ஆய்வாளர்களும் தொண்டூழியர்களும் ஒவ்வொரு பெரிய வற்றுக்கும் இறங்கி, கயிறு கட்டி, அளந்து, படம் எடுத்து, என்ன இருக்கிறது என்று பட்டியல் போட்டார்கள். அழிவதற்கு முன் ஒரு முறை பார்த்துவிடலாம் என்று ஆயிரக்கணக்கான பொதுமக்கள் படகேறி வந்தார்கள். பிள்ளைகளோடு வந்தவர்கள் அரசுக்குக் கடிதம் எழுதினார்கள். 2001 டிசம்பரில் திட்டம் தள்ளிவைக்கப்பட்டது.

தள்ளிவைக்கப்பட்டது என்பதுதான் சரியான சொல். சட்டப்படி இயற்கைக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட நான்கு இடங்களின் பட்டியலில் இன்றும் செக் ஜாவா இல்லை. அந்தப் பட்டியலில் புக்கிட் தீமா, மத்திய நீர்ப்பிடிப்புப் பகுதி, லாப்ரடோர், சுங்கை பூலோ மட்டுமே. இயற்கையும் தன் பங்குக்குச் சோதித்தது. 2006 இறுதியில் ஜொகூரில் கொட்டிய பெருமழை நன்னீரைக் கடலுக்குள் தள்ளியதில் 2007 தொடக்கத்தில் இங்கே கடற்சாமந்திகளும் நட்சத்திர மீன்களும் கூட்டம் கூட்டமாகச் செத்தன. மீண்டு வரப் பல ஆண்டுகள் பிடித்தது. நான் நிற்கும் இந்த மரப்பாலம் திறக்கப்பட்டது அதே 2007இன் ஜூலையில்தான்.

என் பக்கத்தில் வந்து நின்ற தொண்டூழியர் ஒரு தமிழ் அம்மா, ஓய்வு பெற்ற ஆசிரியை. "கூட்டிக்கிட்டு வர்ற பிள்ளைங்ககிட்ட நான் முதல்ல பேர் சொல்லிக் கொடுக்க மாட்டேன். எத்தனை நண்டு இருக்குன்னு எண்ணச் சொல்வேன். எண்ண ஆரம்பிச்சா அசையாம நின்னுடுவாங்க" என்றார். எண்ணுவது என்ற அந்த எளிய காரியம்தான் இந்தக் கரையைக் காப்பாற்றியது என்று நான் நம்புகிறேன். அழகாக இருக்கிறது என்று யாரும் சொல்லலாம். இத்தனை இனம், இத்தனை எண்ணிக்கை, இந்த மாதத்தில், இந்த இடத்தில் என்று கையில் தாளோடு வருபவரை ஒரு அரசாங்கம் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. உயிரியலாளர் என். சிவசோதி போன்றவர்கள் இங்கே பல தலைமுறை மாணவர்களைக் கண்டல் சேற்றில் இறக்கிவிட்டதும் அதற்காகத்தான். கடற்கரைத் தூய்மைப் பணியில்கூட அவர்கள் குப்பையை அள்ளுவதோடு நிற்பதில்லை, வகை பிரித்து எண்ணிப் பதிவு செய்கிறார்கள்.

ஆறு மணிக்குப் பாலம் மூடிவிடும். துறைக்கு வேகமாக நடந்து, கடைசிப் படகுகளில் ஒன்றைப் பிடித்தேன். அன்றிரவு தேக்காவில் சாப்பிட்டதும் உறங்கியதும் சொல்லும்படியாக ஒன்றுமில்லை.

ஞாயிற்றுக்கிழமைத் தேக்காவை அறிந்தவர்களுக்குத் தெரியும். பிற்பகலிலிருந்து அது முழுக்க முழுக்க ஊழியர்களின் ஊர். தீவின் ஓரங்களில் இருக்கும் தங்குவிடுதிகளிலிருந்து தமிழ்நாட்டுத் தம்பிகள் பேருந்தும் ரயிலும் ஏறி வந்து சேர்வார்கள். பணம் அனுப்பவும், காய்கறி வாங்கவும், ஊர்க்காரர்களைப் பார்த்துப் புல்தரையில் உட்கார்ந்து பேசவும் அவர்களுக்கு இருக்கும் ஒரே நாள் அது. எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, வேதாரண்யம் பக்கம் அகஸ்தியன்பள்ளிக்காரர், கட்டுமான வேலை. அவருடைய விடுதி கிராஞ்சியில். ஞாயிறுதோறும் அவர் அங்கிருந்து தேக்காவுக்கு வருவார். இந்த ஞாயிறு நான் அவரிடம் போகிறேன் என்றேன். "கிராஞ்சியில பார்க்க என்ன அண்ணே இருக்கு?" என்று கேட்டாரே தவிர, காலை எட்டரைக்குச் சட்டையை இஸ்திரி போட்டு அணிந்து ரயில் நிலையத்து வாசலில் காத்திருந்தார்.

925ஆம் எண் பேருந்து கிராஞ்சி நீர்த்தேக்கத்தைத் தொட்டுக்கொண்டு போகிறது. இந்த வடமேற்கு மூலைதான் சிங்கப்பூரில் மிச்சமிருக்கும் நாட்டுப்புறம். கீரைப் பண்ணை, மீன் பண்ணை, இடுகாடு, ராணுவப் பயிற்சி நிலம். சுங்கை பூலோ வாசலில் இறங்கி வருகையாளர் மையத்தைத் தாண்டியதும் நீண்ட மரப்பாலத்தில் ஒரு சின்னக் கூட்டம் கீழே பார்த்துக்கொண்டிருந்தது. கலங்கல் நீரில் கட்டை போலக் கிடந்தது உப்புநீர் முதலை. தம்பி பாலத்தின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார். "நம்ம விடுதிக்கு இது எவ்வளவு தூரம்" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

சுங்கை பூலோ ஒரு காலத்தில் இறால் குட்டைகள். கண்டலை வெட்டிக் கரை கட்டி, மதகு வைத்து, பெருக்கில் வரும் இறால் குஞ்சை உள்ளே விட்டு வளர்த்தார்கள். அந்தத் தொழில் மங்கிய பிறகு, கைவிடப்பட்ட குட்டைகளைப் பறவைகள் எடுத்துக்கொண்டன. 1986இல் ரிச்சர்ட் ஹேல் என்ற பறவை ஆர்வலர் இங்கே வந்து வலசைப் பறவைகளின் கூட்டத்தைக் கண்டார். அப்போது இது வேளாண் தொழில்நுட்பப் பண்ணைகளுக்காக ஒதுக்கப்பட்ட நிலம். மலாயா இயற்கைச் சங்கத்தின் சிங்கப்பூர்க் கிளையினர் பறவைகளைக் கணக்கெடுத்து அரசிடம் கோரிக்கை வைத்தார்கள். 1989இல் 87 எக்டேர் இயற்கைப் பூங்காவுக்கு ஒதுக்கப்பட்டது. 1993இல் பூங்கா திறந்தது. 2002இல் 130 எக்டேராக விரிந்து சட்டப்படியான காப்பகமானது, இன்று 202 எக்டேர்.

அந்தக் கோரிக்கைக்குப் பின்னால் உழைத்தவர்களில் ஒருவர் சுபராஜ் ராஜதுரை. தமிழ் வாசகர்கள் இந்தப் பெயரை அறிய வேண்டும் என்பதற்காகவே இந்தப் பத்தியை எழுதுகிறேன். 1963இல் பிறந்தவர். பல்கலைக்கழகப் பட்டத்தால் அல்ல, காட்டில் நடந்து நடந்து கற்றவர். சிங்கப்பூரில் எந்தப் பறவை எங்கே எப்போது இருக்கும் என்று அவரைப் போலச் சொல்ல அந்தக் காலத்தில் வெகு சிலரே இருந்தார்கள். 1990களின் தொடக்கத்தில் லோயர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தின் காட்டை அழித்துக் கோல்ஃப் மைதானம் போடும் திட்டம் வந்தபோது, இயற்கைச் சங்கம் சுற்றுச்சூழல் பாதிப்பு ஆய்வைத் தானே செய்து வெளியிட்டது. பல்லாயிரம் பேர் கையெழுத்திட்டார்கள். திட்டம் கைவிடப்பட்டது. அந்தப் போராட்டத்திலும் சுபராஜ் இருந்தார். வழிகாட்டியாகப் பிழைத்துக்கொண்டே, சம்பளமில்லாமல் குழுக்களில் உட்கார்ந்து காட்டுக்காக வாதாடினார். 2019 அக்டோபரில், 56 வயதில் மறைந்தார். காந்திக்கும் நேதாஜிக்கும் சிங்கப்பூர்த் தமிழர் கொடுத்த ஆதரவைப் பற்றி நாம் எத்தனையோ படித்திருக்கிறோம். ஒரு சதுப்பைக் காப்பாற்றிய தமிழரைப் பற்றியும் படிக்க வேண்டும்.

பத்து மணியைத் தாண்டியது. மறைவிடக் குடிலுக்குள் போய் உட்கார்ந்தோம். பலகைச் சன்னல் வழியாக எதிரே பெரிய குட்டை. இங்கேதான் பெருக்கின் பயன். வற்று நேரத்தில் பறவைகள் மண்டாய் சேற்றுவெளியிலும் ஜொகூர் நீரிணையின் கரைகளிலும் பரவி மேய்கின்றன. கடல் ஏறி அந்தச் சேறு மூழ்கியதும் நிற்க இடம் வேண்டும். காப்பகத்தின் ஆட்கள் பழைய இறால் மதகுகளை வைத்தே குட்டைகளின் நீரைத் தாழ்த்திப் பிடித்திருக்கிறார்கள். வெளியே கடல் பெருகும்போது உள்ளே சேறு தெரியும்படி. இறாலுக்குக் கட்டிய மதகு இன்று பறவைக்கு உழைக்கிறது. மேய்ச்சல் வெளியும் ஓய்விடமும் இரண்டும் இருந்தால்தான் பறவை இருக்கும், ஒன்று போனால் மற்றதும் வெறுமை. 2020இல் சுங்கை பூலோவையும் மண்டாய் சேற்றுவெளியையும் கிராஞ்சிச் சதுப்பையும் சேர்த்து 400 எக்டேர் பூங்கா வலையமாக்க அரசு முடிவெடுத்ததன் காரணம் இதுதான்.

முதலில் இரண்டு மூன்று, பிறகு இருபது முப்பது என்று கீச்சிட்டுக்கொண்டு வந்து இறங்கின. பவளக்காலிகள், உப்புக்கொத்திகள், வளைந்த நீள அலகுடைய கோட்டான்கள். அரை மணிக்குள் குட்டையின் ஒரு பக்கம் நிறைந்துவிட்டது. ஒற்றைக் காலில் நின்று, அலகை முதுகுச் சிறகில் செருகிக்கொண்டு, எல்லாம் காற்று வரும் திசையைப் பார்த்தபடி தூங்கின. ஒரு பவளக்காலி மட்டும் எங்கள் சன்னலுக்கு அருகே வந்து குளித்தது. மார்பை நீரில் அழுத்தி, இறக்கையை நடுக்கி, தலையை முக்கி எடுத்தது. செந்நிறக் கால்களில் ஒன்றின் மேல்பகுதியில் ஒரு பிளாஸ்டிக் பட்டை.

தம்பி அதுவரை பேசவே இல்லை. தொலைநோக்கியை இறக்கிவிட்டு மெதுவாகச் சொன்னார்: "அண்ணே, இது எங்க ஊர்ப் பறவை. உப்பளத்துக்கு வரும். நாங்க எல்லாத்தையும் உள்ளான்னுதான் சொல்வோம்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "எங்க தாத்தா காலத்துல வலை போட்டுப் பிடிப்பாங்க. கட்டுக் கட்டா விற்கும். நானே சின்ன வயசுல சாப்பிட்டிருக்கேன்" என்றார். அதில் வெட்கமும் இல்லை, பெருமையும் இல்லை. நடந்ததைச் சொன்னார். கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பறவைக் காலில் வளையம் மாட்டி அனுப்புவது அவர் அறிந்த விஷயம்தான். சாலிம் அலி காலத்திலிருந்து நடக்கும் வேலை அது. "அதே மாதிரி இங்கேயும் போடுறாங்களா" என்று ஆச்சரியப்பட்டார்.

போடுகிறார்கள். பட்டை மட்டுமல்ல, செயற்கைக்கோளோடு பேசும் சிறு கருவியையும் கட்டிப் பார்த்திருக்கிறார்கள். சுங்கை பூலோவிலிருந்து கிளம்பிய பவளக்காலிகள் திபெத் பீடபூமியில் போய்க் குஞ்சு பொரிப்பது அப்படித்தான் தெரியவந்தது. அதாவது இவற்றில் சில, கிழக்காசியக் கடற்கரையை ஒட்டிப் போகாமல் கண்டத்தின் நடுவே மலைகளைத் தாண்டிப் போகின்றன. கோடியக்கரைக்கு வருபவையும் இமயத்துக்கு அப்பாலிருந்து வருபவைதான். ஒரே மேட்டு நிலத்தில் அடுத்தடுத்துப் பிறந்த குஞ்சுகளில் ஒன்று வேதாரண்யத்துக்கும் ஒன்று கிராஞ்சிக்கும் போக முடியும். இதைச் சொன்னபோது தம்பி என்னைப் பார்க்கவில்லை, பறவையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குட்டையின் ஓரத்தில் மஞ்சள்மூக்கு நாரைகளும் நின்றன. வேடந்தாங்கலில் மரம் நிறையப் பார்க்கும் பறவை. இவை வலசை வந்தவை அல்ல, இங்குள்ள உயிரியல் பூங்காவிலிருந்து வெளியேறிச் சுதந்திரமாக வாழப் பழகிய வம்சம். கரைமேல் ஆள் நீள உடும்பு ஒன்று நாக்கை நீட்டிக்கொண்டு போயிற்று. நீர்நாய்களைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. 1998இல் சிங்கப்பூருக்கு அவை திரும்பி வந்தபோது முதலில் குடியேறியது இந்த இடத்தில்தான். இப்போது அவற்றின் வழித்தோன்றல்கள் நகரின் நடுவே காலாங் ஆற்றிலும் மரினா விரிகுடாவிலும் மீன் பிடிக்கின்றன.

பன்னிரண்டரைக்கு மேல் நீர் இறங்கத் தொடங்கியது எங்களுக்குத் தெரியவில்லை, பறவைகளுக்குத் தெரிந்துவிட்டது. ஒன்று விழித்தது, சிறகை நீட்டியது, பத்து விழித்தன. பிறகு கூட்டம் கூட்டமாக எழுந்து கண்டலுக்கு மேல் ஒரு சுற்று சுற்றிக் கிழக்கே, மண்டாய்ப் பக்கம் போயின. நாங்களும் கிளம்பினோம். கடற்கரையோரப் பாதையில் நீரிணைக்கு அந்தப் பக்கம் ஜொகூர் பாருவின் மாடிக் கட்டடங்கள் வெயிலில் தெரிந்தன. அந்தக் கரையிலும் சேறு இருக்கிறது, அதைத் தூர்க்கும் வேலையும் நடக்கிறது. பறவைக்கு இரண்டு நாட்டு அனுமதியும் வேண்டும்.

பேருந்து நிறுத்தத்தில் தம்பி ஊருக்குப் பேசினார். உப்பளத்தில் வேலை செய்யும் அப்பா. மழை எப்படி, வீட்டில் எப்படி என்பதற்குப் பிறகு, "அப்பா, நம்ம பக்கம் உள்ளான் வந்துருச்சா?" என்று கேட்டார். அந்தப் பக்கம் ஒரு நொடி பேச்சில்லை. இத்தனை வருடத்தில் மகன் கேட்காத கேள்வி. பிறகு பெரியவரின் குரல் எனக்கும் கேட்டது: சதுப்பில் தண்ணீர் நிறைய நிற்கிறது, உள்ளான் எப்போதோ வந்துவிட்டது, பூநாரை இன்னும் இறங்கவில்லை, தண்ணீர் கொஞ்சம் வடிந்தால்தான் அது கால் வைக்கும். எத்தனை வந்திருக்கும் என்று தம்பி கேட்டார். அதை யாரடா எண்ணினார்கள் என்றார் பெரியவர். பொங்கலுக்கு விடுப்பில் வரும்போது தன் மகளைக் கூட்டிக்கொண்டு போய்த் தானே எண்ணுவதாகத் தம்பி சொன்னார். பேருந்து வந்தது. நிலையத்தில் இறங்கியதும் தேக்காவுக்கே போய்விடலாம் என்றார், பணம் அனுப்ப வேண்டும், காய்கறியும் வாங்க வேண்டும்.